கிரீஸா, எண்ணெயா?

வீட்டுச் சாமான்களை விற்பதற்கு நமக்கெல்லாம் ஒவ்வொரு வழி தெரியும். பழைய பேப்பர் என்றால் தராசோடு தெருவில் வருகிறவர் இருக்கிறார். பித்தளைப் பாத்திரம் என்றால் பாத்திரக் கடை. நகை என்றால்... அந்தப் பேச்சே நமக்கு வேண்டாம்! ஆனால் அறுபது வயதான ஒரு மோட்டார் காரை, அதுவும் நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து வந்ததுபோல் பளபளவென்று வைத்திருக்கும் காரை, எப்படி விற்பது? எடை போட்டு விற்றால் இரும்பின் விலைதான் கிடைக்கும். விலை தெரிந்தவரிடம் விற்றால் நல்ல காசு கிடைக்கும். அருமை தெரிந்தவரிடம் விற்றால் என்ன கிடைக்கும்?

சென்ற ஆண்டு கீழ்ப்பாக்கத்தில் ஓர் அம்மையார் தம் காரை விற்றார். வயது 78. பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் பெயர் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தத் தெருவே அவரை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுகிறது. நாமும் அப்படியே கூப்பிடுவோம். கார், 1965-ம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், வெளிர் நீல நிறம், இரண்டே கதவு.

இளம் வாசகிகளுக்கு ஹெரால்ட் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் பாட்டியைக் கேளுங்கள், சொல்லுவார். அந்தக் காலத்தில் நம் தேசத்துச் சாலைகளில் முக்கியமாகக் கண்ணில் பட்ட கார்கள் மூன்று. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்த அம்பாஸிடர் ஒன்று. பம்பாய்க் குர்லாவில் செய்த பியட் ஒன்று. மூன்றாவதுதான் நம் சென்னையிலேயே பிறந்த ஹெரால்ட். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற கம்பெனி 1948-ல் இங்கே தொடங்கியது. வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த அதன் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்ட் தயாராயிற்று. இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்ட்' என்ற பெயரில் வெளிவந்த அதே கார்தான் இது. உருவம் வரைந்து கொடுத்தவர் மிச்செலொட்டி என்ற இத்தாலியர். அம்பாஸிடரைப் பெரிய மாமனார் என்று வைத்துக்கொண்டால் ஹெரால்டைக் கல்லூரிக்குப் போகும் மைத்துனன் என்று சொல்லலாம். 25 அடி அகலம் உள்ள இடத்தில் ஒரே வீச்சில் முழுவட்டம் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாடவீதிக்கு என்றே அளவெடுத்துத் தைத்ததுபோல!

அதற்கு இன்னொரு விசேஷமும் உண்டு. மற்றக் கார்களில் பானெட்டைத் திறந்தால் மேல்மூடி மட்டும்தான் தூக்கும். ஹெரால்டில் இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து முன்பாகம் முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளிச்சமாய்த் தெரியும். புடைவை கட்டிய பெண்பிள்ளை டயர் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, அடுப்படி மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவதுபோல் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். டீச்சரம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தார்.

ஆமாம், காரைப் பராமரித்தவர் அவர்தான். அவர் கணவர் அல்ல. 1973-ல் ஒரு டாக்டரிடமிருந்து அதை இரண்டாம் கையாக வாங்கி வந்தவர் என்னவோ கணவர்தான். "வாங்கினதோடு சரி. அவருக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு பேப்பர் படிக்கத்தான் தெரியும்" என்று டீச்சரம்மா சிரிக்கிறார். மறு வருஷமே அவர் ஓட்டக் கற்றுக்கொண்டார். இரண்டு கதவுக் காராயிற்றே, பின்னால் உட்கார வேண்டுமானால் முன் ஸீட்டை மடக்கிவிட்டு ஏற வேண்டும். மாமியார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத் திட்டிக்கொண்டே ஏறுவாராம். ஏறி உட்கார்ந்த பிறகு, "சீக்கிரம் போ" என்பாராம்.

கணவர் 2019-ல் காலமானார். இரண்டு வருஷமாக டீச்சரம்மாவுக்கு முழங்கால் வலி. கிளட்சை மிதித்தால் உயிர் போகிறது. கடைசியில் மனத்தைத் தேற்றிக்கொண்டு, விற்றுவிடுவது என்று தீர்மானித்தார். பேரன் கைபேசியில் படம் எடுத்துப் போட்டதும் ஒரே நாளில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூப்பிட்டார்கள்.

இங்கேதான் முதல் சங்கடம். இது காருக்கு மட்டும் வரும் சங்கடம் அல்ல, உங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கும் வரும். ஆகையால் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். வண்டியைத் துடைத்தவர், எண்ணெய் போட்டவர், ஓட்டியவர் எல்லாம் டீச்சரம்மா. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது கணவர் பெயர். காலமாகி ஆறு வருஷம் ஆகியும் அவர் பெயரிலேயே இருந்தது. சட்டம் என்ன சொல்கிறது? உரிமையாளர் காலமானால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாரிசு அந்த வண்டியை மூன்று மாதம் வரையில் ஓட்டலாம். அதற்குள் படிவம் 31-ல் விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு ஐயா படிவ ஞாபகம் வருகிறது? டீச்சரம்மா தாமதத்துக்கு அபராதம் கட்டினார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மகளுடைய சம்மதக் கடிதம் என்று ஒவ்வொன்றாய்த் திரட்டினார். காரைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் விற்கவே முடிந்தது. "ஐம்பது வருஷம் ஓட்டின வண்டி என் பேருக்கு வந்து ரெண்டு மாசம்கூட என்கிட்ட இல்லை" என்றார். 2021-லிருந்து ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வண்டியில் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று இன்று மாலையே பார்த்துவிடுங்கள்.

வாங்க வந்தவர்களில் மூவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்.

முதலில் வந்தவர் வியாபாரி. வாசலில் நின்றபடியே, "ஐயா இல்லீங்களா?" என்று கேட்டார். ஐயா இல்லை என்றதும் மாப்பிள்ளையைத் தேடினார். மாப்பிள்ளையோ சைக்கிள் செயினைக்கூடத் தொட்டறியாத சாது. அவரைப் பார்த்து, "எஞ்சின் எப்படி ஸார்? ஆயில் குடிக்குதா ஸார்?" என்று அடுக்கடுக்காய்க் கேள்விகள். பதில் எல்லாம் பக்கத்திலிருந்த டீச்சரம்மாவின் வாயிலிருந்து வந்தது. அப்படியும் அடுத்த கேள்வி மாப்பிள்ளையைப் பார்த்தே! பழைய இரும்புக்கு ஒரு படி மேலான விலை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அதைவிட அதிக விலைக்கு மறுநாளே கைமாற்றுவார் என்பதில் சந்தேகம் இல்லை. அது அவர் பிழைப்பு, குற்றம் சொல்வதற்கில்லை.

இரண்டாமவர் வெகு உற்சாகமான இளைஞர். கல்யாணப் படம் பிடிப்பவர்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறார். பெரிய தொகை சொன்னார். வந்தவர்களில் அவர் சொன்னதுதான் அதிகம். ஹெரால்டைப் பற்றி அவருக்கு விஷயமும் தெரிந்திருந்தது. அதன் உடம்பு தனித்தனிப் பாகங்களாய்ச் செய்து ஆணியும் நட்டுமாகச் சட்டத்தின் மேல் பூட்டியது. கூரையைக்கூட நட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். அதைத்தான் அவர் செய்ய நினைத்தார். கூரையை எடுத்துவிட்டுத் திறந்த கார் ஆக்குவது; செர்ரிச் சிவப்பு வர்ணம் அடிப்பது; பழைய 948 ஸி.ஸி. எஞ்சினை இறக்கிவிட்டுப் புதுக்காலச் சின்னக் கார் எஞ்சினை ஏற்றுவது. "பொண்ணு மாப்பிள்ளை கூரையில்லாம நின்னா போட்டோ அள்ளும் ஆன்ட்டி" என்றார். டீச்சரம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாமவர் கோயமுத்தூர்க்காரர். நாற்பது வயதிருக்கும், பீளமேட்டில் சின்ன லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். போனில் பேசும்போதே, "அம்மா, நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சுடாதீங்க" என்று சொன்னாராம். "அப்பவே ஆளைக் கொஞ்சம் புரிஞ்சுது" என்கிறார் டீச்சரம்மா. பழைய கார் ஒன்றின் எஞ்சின் யோக்கியதை, ராத்திரி முழுவதும் ஆறிக் கிடந்து காலையில் முதல் தடவை கிளம்பும்போதுதான் தெரியும். சூடேற்றி வைத்துவிட்டால் பாதி நோய் மறைந்துவிடும். சேரன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர், செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே வந்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல. ஜில்லென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் வணக்கம் சொன்னார்!

பையிலிருந்து ஒரு துணியும், அந்தத் துணிக்குள் சுற்றிய சிறு காந்தமும் வெளியே வந்தன. கதவின் அடிப்பக்கம், மட்கார்டு ஓரம் எல்லா இடத்திலும் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். தகடு நன்றாக இருந்தால் காந்தம் கவ்விக்கொள்ளும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பூசி மூடி வர்ணம் அடித்திருந்தால் நழுவி விழும். நம் ஊர்க் கடல் காற்றுக்குத் தப்பிய கார்கள் குறைவு. மேலே கண்ணாடிபோல் மின்னும், கீழே சல்லடை. பிறகு தரையில் படுத்து, அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக் கேட்டார். ஹெரால்டில் முதலில் இற்றுப்போகும் இடம் அதுதான். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தைச் சேஸிஸ் எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். விழுந்த அச்சை ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். இதெல்லாம் ஆன பிறகு முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். சற்று நேரம் பேசவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கீழே ட்ரன்னியனுக்கு என்னங்க போடறீங்க? கிரீஸா, எண்ணெயா?"

டீச்சரம்மா பெரிதாகச் சிரித்துவிட்டார். "தம்பி, அதை நான் உங்களைக் கேட்கணும்னு இருந்தேன்!"

என்ன இந்த ட்ரன்னியன்? ஹெரால்டின் முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்குக் கீழே ஒரு மூட்டு உண்டு. வெண்கலக் கட்டிக்குள் எஃகுத் தண்டு ஒன்று திருகாணிபோல் இறங்கி நிற்கும். அந்த மரைகளுக்குள் கெட்டியான கியர் எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்தால் கிரீஸ் அடிக்கும் இடம் மாதிரி இருப்பதால் பெரும்பாலான மெக்கானிக்குகள் கிரீஸை ஏற்றிவிடுவார்கள். கிரீஸ் நாளடைவில் காய்ந்து இறுகிவிடும், மரை வரையில் போய்ச் சேராது. ஈரம் புகும், தண்டு துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. என்றைக்கோ ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப்போகும். டீச்சரம்மா இதைத் தெரிந்துகொண்டது காரோடு வந்த சின்னக் கையேட்டிலிருந்து. புதுப்பேட்டையில் அவர் வழக்கமாகப் போகும் மெக்கானிக் பாய், "முப்பது வருஷமா கிரீஸ்தாம்மா அடிக்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளவே இல்லையாம். கையேட்டை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டி, படத்தையும் காட்டி, கடைசியில் 90 நம்பர் எண்ணெயைத் தாமே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று போடவைத்தார். "ஒன்பதாம் வகுப்புக்கு ஜியோமிதி சொல்லித் தர்றது எவ்வளவோ தேவலை!"

ஆக, அந்த ஒரு கேள்வியில் இருவருக்கும் வேண்டிய விவரம் கிடைத்துவிட்டது. விற்கிறவர் எப்படி வைத்திருந்தார் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்தது. வாங்குகிறவர் எப்படி வைத்துக்கொள்வார் என்று விற்கிறவருக்குத் தெரிந்தது. பேரத்தை மறந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். 1980-களின் இறுதியோடு சென்னைக் கம்பெனியில் கார் உற்பத்தி நின்றுபோனதையும், புதுப்பேட்டையில் கிடைக்காத சில சாமான்கள் இங்கிலாந்திலிருந்து இன்றும் வருவதையும் பற்றிப் பேசினார்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலப்பதால் அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்கள் இளகி வெடித்துவிடுவதைப் பற்றிப் பேசினார்கள். டீச்சரம்மா குழாய்களை ஏற்கெனவே மாற்றியிருந்தார். "என்ன குழாய் போட்டீங்க?" என்று கேட்டு அவர் குறித்துக்கொண்டார். ஊரில் வேப்பமரத்தடியில் இன்னொரு ஹெரால்ட், ஓட முடியாத நிலையில், உதிரி சாமானுக்காகவே வைத்திருக்கிறாராம். "சம்சாரம் என்ன சொல்றாங்க?" என்று டீச்சரம்மா கேட்டதற்கு, "இது ஓடற வண்டியான்னு மட்டும் கேட்டாங்க" என்றார் பாவம்.

பிறகு டீச்சரம்மா ஒரு காரியம் செய்தார். வியாபாரம் தெரிந்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துவந்து காரின் குறைகளைத் தாமே வாசித்தார். மொத்தம் பதினான்கு. இரண்டாவது கியர் காலையில் கொஞ்சம் முரண்டு பண்ணும். டிக்கியின் வலது மூலையில் மழைத் தண்ணீர் இறங்கும். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே போனால் பொய் சொல்லும். 1998-ல் இடது மட்கார்டில் ஒரு ஆட்டோ இடித்து டிங்கரிங் செய்தது... இப்படியே போகிறது பட்டியல். கோயமுத்தூர்க்காரர் தம் காந்தத்தில் கண்டுபிடித்தது இவற்றில் இரண்டுதான். மற்றவற்றை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் ஏன் என்று கேட்டேன். "இல்லாட்டா அந்த இரண்டாவது கியரைப் போட்டு உடைச்சுடுவாரே!" என்றார். விலை குறைந்துவிடுமே என்ற கவலை அவருக்கு வரவில்லை. கியரைப் பற்றித்தான் கவலை.

விலை குறையத்தான் செய்தது. கோயமுத்தூர்க்காரரால் முடிந்தது, கல்யாணக் கார் இளைஞர் சொன்னதைவிட 60,000 ரூபாய் குறைவு. வீட்டில் அன்று இரவு பெரிய விவாதம். பெங்களூரிலிருக்கும் மகள் போனில், "அம்மா, உனக்கு முழங்கால் ஆபரேஷன் இருக்கு. செண்டிமெண்டுக்கு 60,000 ரூபாயா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பென்ஷனில் காலம் தள்ளுகிறவருக்கு அது சின்னத் தொகையல்ல. பணம் அவசியமாக வேண்டியிருக்கிறவர்கள் அதிகம் கொடுப்பவரிடம் விற்றால் அதில் தவறு ஒன்றும் கிடையாது என்பது என் அபிப்பிராயம். டீச்சரம்மாவோ தமக்கே உரிய முறையில் கணக்குப் போட்டிருந்தார். "அந்தப் பையன் இருக்கிறது நுங்கம்பாக்கம். கல்யாண ஸீஸன்ல நம்ம தெரு வழியாத்தான் போவான். கூரை இல்லாம, செர்ரிச் சிவப்பா, வேற யாரோ எஞ்சின் சத்தத்தோட அது போறதை நான் பால்கனியிலேர்ந்து பார்க்கணுமா?" மகள் அதற்கு மேல் பேசவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுப்பதுபோல என்று உறவுக்காரர் ஒருவர் ஆரம்பித்தபோதுகூட டீச்சரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "பெண்ணாவது கஷ்டப்பட்டா வாய்விட்டுச் சொல்லும். இது சொல்லாதே!" என்றார்.

இப்படி ஆளைப் பார்த்துக் கொடுப்பது ஏதோ நம் கீழ்ப்பாக்கத்துப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் மெர்ஸிடிஸ் கம்பெனி 1955-ல் செய்த 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூப்பே என்ற கார் உலகத்திலேயே இரண்டுதான் உண்டு. அதில் ஒன்றை 2022 மே மாதம், ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள தங்கள் மியூசியத்தில் ஏலம் விட்டார்கள். அழைப்பு இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது; பழைய கார்களை அருமையாய் வைத்துக்கொள்ளக் கூடியவர்கள் என்று பொறுக்கி எடுத்தவர்களுக்கு மட்டுமே அழைப்பு. 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அதுவரை எந்தக் காரும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. வாங்கியவர், முக்கியமான சமயங்களில் பொதுமக்கள் பார்வைக்குக் காரை வைக்கச் சம்மதித்தாராம். பணம் மாணவர்களின் உபகாரச் சம்பளத்துக்குப் போயிற்று. அத்தனை பெரிய கம்பெனிக்கே ஆளைப் பொறுக்க வேண்டியிருக்கிறது!

ஆனால் ஒன்று. "வர்ணத்தை மாற்றக் கூடாது, எஞ்சினை மாற்றக் கூடாது" என்று வாயால் கேட்டுக்கொள்ளலாமே தவிர, விற்ற பிறகு அதை நடத்தி வைப்பது நம்மால் ஆகிற காரியமல்ல. விற்றது விற்றதுதான். சட்டம் மட்டும் ஒரு பக்கத்தில் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 50 வயது கடந்த, வாடகைத் தொழிலுக்கு விடாத, சேஸிஸும் உடம்பும் எஞ்சினும் பெரிய மாறுதல் இல்லாமல் அசலாக இருக்கிற வண்டியை அந்தப் பிரிவில் பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். டீச்சரம்மாவின் காரில் அந்தக் காலத்து வழக்கப்படி 'எம்.எஸ்.' என்று ஆரம்பிக்கும் எண். அதற்கே தனி மோகம் உண்டு. ஆனால் அந்தப் பிரிவில் சேர்ந்துவிட்டால் தினப்படி காய்கறி வாங்கக் காரை எடுத்துப்போக முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போய்வருவது, அவ்வளவுதான். தினமும் ஓட்டுகிறவர்கள் சாதாரணப் பதிவிலேயே இருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து ஒரே தாவாக 5,000 ஆயிற்று. அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. எஞ்சினை மாற்றிவிட்டால் பழம்பெருமைப் பதிவுக்கு இடமில்லை என்பதை வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. பெருமைக்கு மயங்காதவர்கூட எதிர்கால விலையை நினைத்துக் கையைக் கட்டிக்கொள்வார்.

கைமாறிய தினத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனசு கனத்திருக்கும் நேரத்தில்தான் மனிதர்கள் காகிதத்தில் கோட்டை விடுகிறார்கள். டீச்சரம்மா கோட்டை விடவில்லை. பணம் முழுவதும் பாங்கில் வந்து சேர்ந்ததைப் பேரன் பார்த்துச் சொன்ன பிறகே சாவி கைமாறிற்று. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்தாயிற்று. ஒப்படைப்புக் கடிதத்தில் தேதியை மட்டுமல்ல, 'காலை 9 மணி 40 நிமிஷம்' என்று நேரத்தையும் எழுதச் சொன்னார். அந்த நிமிஷத்துக்குப் பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் யாருடையது என்ற சந்தேகம் வரக் கூடாது பாருங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 'வாங்கினவர் மாற்றிக்கொள்வார்' என்று பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் அநேகம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டீச்சரம்மா படிவம் 29-ஐ மறுநாளே அனுப்பிவிட்டார்.

காரோடு சேர்ந்து போனவை: இரண்டு மரப்பெட்டி உதிரி சாமான், 1974 முதல் எண்ணெய் மாற்றிய தேதிகளை எழுதிய நான்கு கணக்கு நோட்டு, அந்தச் சின்னக் கையேடு, எண்ணெய் ஏற்றும் கன், டயர் மேல் விரிக்கும் பழைய பெட்ஷீட். பெட்ஷீட்டை வேண்டாம் என்றுதான் அவர் சொன்னாராம். "உட்கார்ந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று ஸீட்டில் வைத்துவிட்டார்.

லாரியில் ஏற்றிப் போகலாமே என்றதற்குக் கோயமுத்தூர்க்காரர் ஒப்பவில்லை. பகலில் மட்டும் ஓட்டி, சேலத்தில் ராத்தங்கி, இரண்டு நாளில் போய்விடுவதாகச் சொன்னார். டீச்சரம்மா தெருமுனை வரையில் முன் ஸீட்டில், பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஐம்பது வருஷத்தில் அந்தப் பக்கத்து ஸீட்டில் அவர் உட்கார்ந்தது அபூர்வம். அங்கே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தார். காலி ஷெட்டில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த வட்டக் கறையைப் பார்த்து, "பதினான்காவது குறையில இதைச் சேர்த்திருக்கேன்" என்றார் என்னிடம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து போன் வந்தது. மழை பிடித்துக்கொண்டதாம். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி கதவுக்குள்ளே இறங்கிவிட்டது, மேலே வர மாட்டேன் என்கிறது. நோட்டில் தேடிப் பார்த்தேன், அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே அம்மா என்றார்.

டீச்சரம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஐயோ, அது ஒரு குறைன்னே எனக்குத் தோணலை, தம்பி. கதவுப் பையில ஒரு மர ஆப்பு இருக்கும் பாருங்க. கண்ணாடியை ரெண்டு கையாலேயும் தூக்கிப் பிடிச்சுண்டு, முன் மூலையில செருகுங்க. ஓங்கித் தட்ட வேண்டாம். அதுக்குப் பிடிக்காது."